ஒப்பந்தம் முடிய ஆறு மாதங்களா? அடுத்த வேலையையும் உடல்நலத்தையும் சேர்த்தே திட்டமிடுங்கள்

சிங்கப்பூரில் வேலை அனுமதிச் சீட்டில் பணிபுரியும் ஊழியர்களுக்காக இந்தக் கையேடு தயாரிக்கப்பட்டுள்ளது. உங்கள் ஒப்பந்தம் இன்னும் ஆறு மாதங்களில் முடிகிறது என்றால் இதைப் படியுங்கள். ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பதா, வேறு நாட்டுக்குப் போவதா, ஊருக்கே திரும்புவதா என்று இன்னும் முடிவெடுக்காதவர்களுக்கும் இது பயன்படும்.

ஒப்பந்தம் முடியும் நேரத்தில் பலரும் பணத்தைப் பற்றித் திட்டமிடுகிறார்கள். கடன் எவ்வளவு மீதி, வீடு கட்டும் வேலை எதுவரை வந்திருக்கிறது, தங்கைக்கு எப்போது திருமணம் என்று கணக்குப் போடுகிறார்கள். அந்தக் கணக்கு அவசியம்தான். ஆனால் அடுத்த வேலையைச் செய்யப்போவது இதே முதுகு, இதே முழங்கால், இதே இதயம். எனவே அடுத்து என்ன வேலை என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். அந்த வேலைக்குத் தேவையான உடல்நிலையைப் பெற மீதமுள்ள மாதங்களைப் பயன்படுத்துங்கள்.

கடைசி மாதங்களில் கூடுதல் கவனம் ஏன்?

இந்தக் காலகட்டத்தில் சில பழக்கங்கள் எளிதில் வந்துவிடும்:

• கிடைக்கும் ஓவர்டைம் அனைத்தையும் எடுத்துக்கொண்டு, தூக்கத்தைக் குறைப்பது.
• "சொன்னால் பெர்மிட்டைப் புதுப்பிக்க மாட்டார்கள்" என்று பயந்து வலியை மறைப்பது.
• "ஊருக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம்" என்று பரிசோதனையைத் தள்ளிப்போடுவது.

இவற்றில் மூன்றாவது பழக்கம் உங்களுக்கு அதிகச் செலவு வைக்கக்கூடும். கட்டுமானம், கப்பல் பட்டறை, செயல்முறைத் துறைகளில் வேலை செய்பவர்களுக்கும் தங்கும் விடுதிகளில் வசிப்பவர்களுக்கும் முதலாளி அடிப்படை மருத்துவப் பராமரிப்புத் திட்டத்தை வாங்கியிருக்க வேண்டும். இந்த ஏற்பாடு 2022 ஏப்ரல் முதல் நடப்பில் உள்ளது. மருத்துவமனைச் சிகிச்சைக்கான காப்புறுதியும் உண்டு. 2023 ஜூலை 1 முதல் எடுக்கப்படும் அல்லது புதுப்பிக்கப்படும் காப்புறுதி, ஆண்டுக்குக் குறைந்தது 60,000 வெள்ளி வரை செலவை ஏற்கவேண்டும். இந்த ஏற்பாடுகள் உங்கள் வேலையோடு இணைந்தவை. வேலை முடிந்து ஊருக்குச் சென்றபின் இவற்றை நம்பியிருக்க முடியாது. சர்க்கரை நோயோ உயர் ரத்த அழுத்தமோ இருந்தால், அது இங்கே இருக்கும்போதே தெரியவருவது நல்லது.

ஓவர்டைம் பற்றி ஒரு குறிப்பு: சிங்கப்பூர்ச் சட்டப்படி, பொதுவாக ஒரு மாதத்தில் 72 மணி நேரத்திற்கு மேல் ஓவர்டைம் வேலை செய்யக்கூடாது. களைத்துப்போன உடலோடு உயரத்தில் வேலை செய்யும்போது விபத்து நேரும் அபாயம் அதிகம். கடைசி மாதத்தில் நேரும் ஒரு விபத்து, பல ஆண்டு உழைப்பின் பலனைக் குலைத்துவிடும்.

முதல் படி: அடுத்த வேலையை முடிவு செய்யுங்கள்

"போய்ப் பார்க்கலாம்" என்பது திட்டமாகாது. கீழுள்ள மூன்று வழிகளில் உங்களுடையது எது என்று குடும்பத்தாரோடு பேசி முடிவெடுங்கள்.

1. சிங்கப்பூரில் தொடர்வது. 2025 ஜூலை 1 முதல், வேலை அனுமதிச் சீட்டில் இத்தனை ஆண்டுகள்தான் பணிபுரியலாம் என்ற உச்சவரம்பு நீக்கப்பட்டுள்ளது. வேலை செய்யக்கூடிய அதிகபட்ச வயது 63 ஆக உயர்த்தப்பட்டுள்ளது. இனி வயதும் ஆண்டுக் கணக்கும் உங்களுக்கு முன்புபோல் தடையாக இருக்கமாட்டா. உடலும் திறனும்தான் முடிவு செய்யும். கட்டுமானத் துறையில் இந்திய ஊழியர்களுக்கு முதலாளி செலுத்தும் லெவி, அடிப்படைத் திறன் ஊழியருக்கு மாதம் 900 வெள்ளி; உயர்திறன் ஊழியருக்கு 500 வெள்ளி. உயர்திறன் தகுதி பெற்ற ஊழியரை வைத்துக்கொள்வது முதலாளிக்கும் இலாபம். அதற்கான திறன் தேர்வு எழுத உங்களுக்குத் தகுதி இருக்கிறதா என்று மேற்பார்வையாளரிடம் இப்போதே கேளுங்கள். கடைசி மாதத்தில் கேட்டால் நேரம் போதாது.

2. வேறு நாட்டுக்குச் செல்வது. வளைகுடா நாடுகளுக்குச் செல்ல மார்பு எக்ஸ்ரேயும் ரத்தப் பரிசோதனையும் தேவை. இரண்டு, மூன்று வாரங்களுக்கு மேல் இருமல் நீடித்தால் முகவருக்குப் பணம் கட்டும் முன் மருத்துவரைப் பாருங்கள். காசநோயாக இருந்தாலும் சிகிச்சையால் குணமாகும். ஆனால் சிகிச்சைக்குப் பொதுவாக ஆறு மாதங்களாவது ஆகும். அது முன்கூட்டியே தெரிந்தால் கட்டிய பணம் வீணாகாது.

3. ஊருக்குத் திரும்புவது. விவசாயம், வண்டி ஓட்டுவது, கடை வைப்பது, வெல்டிங் பட்டறை, மேஸ்திரி வேலை என்று பல வாய்ப்புகள் உள்ளன. ஒவ்வொன்றும் உடலிடம் ஒவ்வொன்றை எதிர்பார்க்கும்.

இரண்டாம் படி: அந்த வேலை உடலிடம் என்ன கேட்கும்?

• வண்டி ஓட்டுவது: நீண்ட நேரம் உட்காரவேண்டும். நல்ல கண்பார்வையும் போதுமான தூக்கமும் தேவை. பலத்த குறட்டையும் பகல்நேரத் தூக்கக் கலக்கமும் இருந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள். தூக்கத்தில் மூச்சுத் தடைபடும் கோளாறாக அது இருக்கலாம். வாகனம் ஓட்டுபவருக்கு அது ஆபத்து.
• விவசாயம்: குனிந்து நிமிரும் முதுகு, வெயிலைத் தாங்கும் உடல். குளிரூட்டப்பட்ட இடத்தில் வேலை செய்துவந்தவர்கள், ஊருக்குப் போன முதல் இரண்டு வாரங்களில் வெயிலில் செலவிடும் நேரத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டவேண்டும்.
• கடை: உடலுழைப்பு திடீரென்று குறையும். சாப்பாட்டின் அளவு அதேபோல் தொடர்ந்தால் இடுப்பளவு கூடும்.
• கட்டுமானம், வெல்டிங்: தோள், முழங்கால், நுரையீரல், கண், காது. இங்கே பயன்படுத்திய பாதுகாப்புக் கண்ணாடி, காதடைப்பான், இடைவார் ஆகியவற்றை அங்கேயும் பயன்படுத்துங்கள்.

மூன்றாம் படி: ஆறாவது மாதத்திலேயே பரிசோதனை

அடிப்படை மருத்துவப் பராமரிப்புத் திட்டத்தின்கீழ் உங்களுக்கான மருந்தகத்திற்குச் சென்று, எந்தப் பரிசோதனைகள் திட்டத்தில் அடங்கும் என்று கேளுங்கள். இந்த நான்கு எண்களையும் தெரிந்துகொள்ளுங்கள்:

• ரத்த அழுத்தம்: திரும்பத் திரும்ப அளந்தும் 140/90 அல்லது அதற்கு மேல் இருந்தால், அது உயர் ரத்த அழுத்தம். பெரும்பாலும் எந்த அறிகுறியும் இருக்காது.
• வெறும் வயிற்றில் ரத்தச் சர்க்கரை: 7.0 அல்லது அதற்கு மேல் இருந்தால் நீரிழிவாக இருக்கலாம். மருத்துவர் மறுபரிசோதனை செய்து உறுதிப்படுத்துவார். 6.1 முதல் 6.9 வரை எச்சரிக்கை நிலை. இந்த நிலையில் உணவையும் உடற்பயிற்சியையும் சரிசெய்தால் பலன் அதிகம்.
• இடுப்பளவு: ஆண்களுக்கு 90 சென்டிமீட்டருக்குக் கீழ், பெண்களுக்கு 80 சென்டிமீட்டருக்குக் கீழ் இருப்பது நல்லது. காற்சட்டை அளவை நம்பாதீர்கள். தொப்புள் உயரத்தில் நாடா வைத்து அளந்து பாருங்கள்.
• உடல் எடைக் குறியீடு: கிலோவில் உள்ள எடையை, மீட்டரில் உள்ள உயரத்தால் இருமுறை வகுக்கவேண்டும். ஆசியர்களுக்கு 23க்குக் கீழ் இருப்பது நல்லது. 27.5ம் அதற்கு மேலும் அதிக அபாயம். 1.70 மீட்டர் உயரமுள்ள ஒருவருக்கு 66 கிலோ என்பது 23க்குச் சற்றுக் குறைவு.

வலி இருந்தால் மறைக்காதீர்கள். வேலையில் ஏற்பட்ட காயம் அல்லது வேலையால் வந்த நோய் என்றால் உடனே முதலாளியிடம் தெரிவியுங்கள். வேலையிடக் காயத்திற்கான இழப்பீட்டை விபத்து நடந்த நாளிலிருந்து ஓராண்டுக்குள் கோரவேண்டும். ஊருக்குப் போய் ஆறு மாதம் கழித்து முதுகுவலி தாங்கமுடியாமல் போகும்போது, எப்போது, எங்கே, எப்படி அடிபட்டது என்று நிரூபிப்பது மிகவும் கடினம்.

நான்காம் படி: பன்னிரண்டு வார உடற்பயிற்சி

"நாள் முழுக்கச் சுமை தூக்குகிறோம். அதற்கு மேல் உடற்பயிற்சி எதற்கு?" என்று நீங்கள் கேட்கலாம். வேலையில் ஒரே அசைவைப் பல மணி நேரம் செய்கிறோம். கம்பி கட்டுபவரின் முதுகு எப்போதும் குனிந்தே இருக்கிறது. பெயின்ட் அடிப்பவரின் ஒரு தோள் மட்டுமே ஓயாமல் உழைக்கிறது. உடற்பயிற்சியில் வேலை தொடாத தசைகளையும் வலுப்படுத்தலாம், இறுகிப்போன தசைகளைத் தளர்த்தலாம், நடுவில் ஓய்வும் எடுக்கலாம்.

பெரியவர்களுக்கு வாரத்திற்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலியக்கமும், குறைந்தது இரண்டு நாள் தசை வலுப்பயிற்சியும் பரிந்துரைக்கப்படுகின்றன. மிதமான இயக்கம் என்றால், பேச முடியும், ஆனால் பாட முடியாது என்ற அளவுக்கு மூச்சு வாங்குவது.

வாரம் 1 முதல் 4 வரை: வாரத்தில் ஐந்து நாள், 20 நிமிட வேகநடை. இரண்டு நாள் வலுப்பயிற்சி: 10 பஸ்கி, சுவரில் கை ஊன்றி 10 தண்டால், மல்லாந்து படுத்து முழங்கால் மடக்கி இடுப்பை உயர்த்துவது 10 முறை. இவற்றை இரண்டு சுற்று செய்யுங்கள்.

வாரம் 5 முதல் 8 வரை: வேகநடை 30 நிமிடம். இப்போது வாரத்திற்கு 150 நிமிடம் ஆகிவிட்டது. தண்டாலைத் தரைக்கு மாற்றுங்கள். முழங்கை ஊன்றி உடலை நேராக நிறுத்தும் பயிற்சியை 20 விநாடி செய்யுங்கள்.

வாரம் 9 முதல் 12 வரை: அடுத்த வேலைக்கான பயிற்சியைச் சேருங்கள். வண்டி ஓட்டப்போகிறவர் இடுப்பு, தொடைப் பின்தசைகளை நீட்டும் பயிற்சியைச் சேர்க்கட்டும். விவசாயம் செய்யப்போகிறவர் முழங்காலை மடக்கிச் சுமை தூக்கிப் பழகட்டும். கடை வைக்கப்போகிறவர் வேகநடையை 40 நிமிடமாக்கட்டும்.

உங்கள் வேலை மிகக் கடுமையானது என்றால், வேலை நாட்களில் நடையைக் குறைத்து 10 நிமிடம் உடலை நீட்டும் பயிற்சி மட்டும் செய்யுங்கள். நடையையும் வலுப்பயிற்சியையும் ஓய்வு நாளிலும் வேலை குறைந்த நாட்களிலும் செய்யலாம். பொழுதுபோக்கு நிலையங்களில் ஞாயிற்றுக்கிழமை ஆடும் கிரிக்கெட்டும் கைப்பந்தும் இந்தக் கணக்கில் சேரும். உச்சி வெயிலைத் தவிருங்கள், தண்ணீர் குடியுங்கள், ஏழு மணி நேரமாவது தூங்குங்கள்.

பயிற்சியின்போது நெஞ்சுவலி, தலைச்சுற்றல், வழக்கத்துக்கு மாறான மூச்சுத்திணறல் ஏற்பட்டால் உடனே நிறுத்துங்கள். நெஞ்சுவலி தொடர்ந்தால் 995ஐ அழையுங்கள். ரத்த அழுத்தமோ சர்க்கரையோ ஏற்கெனவே இருப்பவர்கள் மருத்துவரிடம் கேட்டுவிட்டுப் பயிற்சியைத் தொடங்குங்கள்.

சாப்பாட்டில் சிறிய மாற்றங்கள்

விடுதிக்கு வரும் கேட்டரிங் சாப்பாட்டை உங்களால் மாற்ற முடியாமல் இருக்கலாம். தட்டில் போட்டுக்கொள்ளும் அளவை மாற்றலாம். தட்டில் பாதி காய்கறியும் பழமும், கால் பங்கு சோறு அல்லது சப்பாத்தி, கால் பங்கு மீன், கோழி, முட்டை அல்லது பருப்பு. காய் போதவில்லை என்றால் ஒரு வெள்ளரிக்காயோ தக்காளியோ வாங்கிச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஊறுகாய், அப்பளம், கருவாடு ஆகியவற்றில் உப்பு அதிகம். இவற்றில் ஒரு வேளைக்கு ஒன்று மட்டும் போதும்.

தேநீர்க் கடையில் "டீ ஓ கோசோங்" என்று கேட்டால் சர்க்கரையும் பாலும் இல்லாமல் தருவார்கள். அது பிடிக்கவில்லை என்றால் "சியூ டாய்" என்று சொல்லி, சர்க்கரையைக் குறைக்கச் சொல்லுங்கள். கேன் பானங்களில் ஏ முதல் டி வரை நியூட்ரி-கிரேடு குறியீடு இருக்கும். ஏ அல்லது பி உள்ளதைத் தேர்ந்தெடுங்கள்.

சிங்கப்பூரில் மெல்லும் புகையிலை தடைசெய்யப்பட்டுள்ளது. அதனால் பலர் அந்தப் பழக்கத்தை இங்கே விட்டிருக்கிறார்கள். ஊரில் நண்பர்கள் நீட்டும்போது "விட்டுவிட்டேன்" என்று சொல்ல இப்போதே மனதைத் தயார்ப்படுத்துங்கள். புகைபிடிப்பவர்கள், புறப்படும் தேதிக்கு மூன்று மாதம் முன்பாகவே நிறுத்தும் நாளைக் குறித்துவைப்பது நல்லது.

ஐந்தாம் படி: கையோடு கொண்டுபோக வேண்டியவை

வேலைக்காக:
• பயிற்சி, திறன் தேர்வுச் சான்றிதழ்களின் அசல்கள். அவற்றைப் படமெடுத்துக் கைப்பேசியிலும் மின்னஞ்சலிலும் வைத்திருங்கள்.
• எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை, என்ன வேலை, எந்த இயந்திரம் என்று குறிப்பிடும் அனுபவக் கடிதம். நிறுவனத்தில் இருக்கும்போது கேட்பது எளிது.
• சம்பளச் சீட்டுகள். நாடு திரும்பும் முன் பாக்கிச் சம்பளம் முழுவதையும் கொடுப்பதும், திரும்பும் பயணச் செலவை ஏற்பதும் முதலாளியின் பொறுப்பு.

உடல்நலத்திற்காக:
• பரிசோதனை முடிவுகளின் நகல்.
• மருந்துகளின் பட்டியல். வணிகப் பெயர் நாட்டுக்கு நாடு மாறும். மெட்ஃபார்மின், அம்லோடிபின் என்பன போன்ற மருந்தின் உண்மைப் பெயரையும் அளவையும் எழுதி வாங்குங்கள்.
• ஊரில் மருத்துவரைப் பார்க்கும்வரை போதுமான மருந்து.

முக்கியக் குறிப்பு: சர்க்கரை அளவு இங்கே மில்லிமோல் கணக்கில் எழுதப்படுகிறது, தமிழ்நாட்டில் மில்லிகிராம் கணக்கில். இங்குள்ள எண்ணை 18ஆல் பெருக்கினால் அங்குள்ள எண் கிடைக்கும். இங்கே 7.0 என்றால் அங்கே 126. கொலஸ்ட்ராலை ஏறத்தாழ 39ஆல் பெருக்கவேண்டும். இங்கே 5.2 என்றால் அங்கே சுமார் 200. ரத்த அழுத்தம் இரு நாடுகளிலும் ஒரே கணக்குதான். "ஏழுதானே இருக்கிறது" என்று நினைத்து மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள்.

மனதுக்கும் ஒரு திட்டம்

திரும்பிப் போவது மகிழ்ச்சியான செய்தி என்று எல்லாரும் நினைப்பார்கள். கடன் இன்னும் அடையவில்லை, சேர்த்தது போதவில்லை, பிள்ளைகள் நம்மிடம் ஒட்டுவார்களா என்ற கவலைகளை வெளியில் சொல்வது எளிதாக இருக்காது. கையில் எவ்வளவு இருக்கிறது, முதல் மூன்று மாதங்கள் வருமானம் இல்லாமல் எப்படிச் சமாளிப்பது என்று மனைவியிடமோ பெற்றோரிடமோ புறப்படும் முன்பே வெளிப்படையாகப் பேசுங்கள். வந்த பிறகு சொல்வதைவிட இது எல்லாருக்கும் சுலபம். இரண்டு வாரங்களுக்கு மேல் தூக்கம் வராமலோ, எதிலும் பிடிப்பு இல்லாமலோ இருந்தால் மருந்தகத்தில் சொல்லுங்கள்.

ஊரில் முதல் மூன்று மாதங்கள்

விருந்து, உறவினர் வீடு, திருவிழா என்று நாட்கள் ஓடும். உடலுழைப்பு குறைந்து சாப்பாடு கூடும் காலம் இது. காலை நடையை மட்டும் விடாதீர்கள். மாதம் ஒருமுறை இடுப்பளவை அளந்து பாருங்கள். அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் பார்த்துக்கொள்ளலாம். தமிழ்நாட்டில் 2021இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின்கீழ், இந்த நோய்களுக்கான மருந்துகள் வீட்டிற்கே வந்து கொடுக்கப்படுகின்றன. போன முதல் மாதமே உங்கள் அறிக்கையைக் கொண்டுபோய்ப் பதிவு செய்யுங்கள்.

ஒரு பக்கத் திட்டம்: ஓர் எடுத்துக்காட்டு

கம்பி கட்டும் வேலையில் உள்ள ஓர் ஊழியர், ஊரில் டிப்பர் லாரி ஓட்ட விரும்புகிறார். அவருடைய இடுப்பளவு 96 சென்டிமீட்டர். ரத்த அழுத்தம் 146/92. அவர் இப்படி எழுதலாம்:

• வேலை இலக்கு: ஊருக்குப் போன மூன்று மாதங்களில் கனரக வாகன உரிமத்துக்கு விண்ணப்பிப்பது. அதற்கு மருத்துவச் சான்றிதழ் வேண்டும்.
• உடல் இலக்கு: ஆறு மாதங்களில் இடுப்பளவை 92க்குக் கொண்டுவருவது, ரத்த அழுத்தத்தை 140/90க்குக் கீழ் வைத்திருப்பது.
• 6வது மாதம்: மறுபரிசோதனை, கண் பரிசோதனை. மருத்துவர் கொடுத்தால் மாத்திரை தொடங்குவது.
• 5 முதல் 3வது மாதம் வரை: பன்னிரண்டு வாரப் பயிற்சி. டீயில் சர்க்கரை இல்லை. வாரத்தில் ஒரு நாளாவது ஓவர்டைம் இல்லாத மாலை.
• 2வது மாதம்: அனுபவக் கடிதம், சான்றிதழ் நகல்கள், மீண்டும் ரத்த அழுத்தப் பரிசோதனை.
• கடைசி மாதம்: மருத்துவ அறிக்கை, மருந்துப் பட்டியல், சம்பளக் கணக்கு. இரவு வேலை தவிர்ப்பது.

இதேபோல் உங்கள் திட்டத்தை ஒரு தாளில் எழுதிக் கட்டிலுக்கு அருகே ஒட்டிவையுங்கள். அறையில் உங்களோடு தங்கியிருப்பவருக்கும் ஒப்பந்தம் முடிகிறது என்றால், இருவரும் சேர்ந்தே நடங்கள். ஒருவர் சோர்ந்தால் மற்றவர் எழுப்புவார்.

உதவிக்கு

• அவசர மருத்துவ உதவி: 995
• சம்பளம், வேலை அனுமதி தொடர்பாக, மனிதவள அமைச்சு: 6438 5122
• ஆலோசனைக்கு, வெளிநாட்டு ஊழியர் நிலையம்: 6536 2692
• மனவேதனை, நெருக்கடி நேரத்தில், ஹெல்த்சர்வ் 24 மணிநேர உதவி எண்: 3129 5000
• புகைபிடிப்பதை நிறுத்த, குவிட்லைன்: 1800 438 2000